முப்பத்திரண்டு மாதக் கூலி: பஞ்சாலைக்குப் போகும் பிள்ளைகளும் நாம் நடத்த வேண்டிய பாடமும்

(டிசம்பர் 6, பாபாசாகேப் அம்பேத்கர் நினைவுநாளில் கோயம்புத்தூரில் நம் இலக்கிய மன்றம் நடத்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்துவடிவம். நேரமின்மையால் மேடையில் விட்டுப்போன சில விளக்கங்கள் இதில் சேர்க்கப்பட்டுள்ளன.)

 

பாபாசாகேப்பின் பெருமையைப் பற்றி இந்த அவைக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு செய்தியை மட்டும் நினைவுபடுத்திவிட்டுத் தொடங்குகிறேன். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆலைத் தொழிலாளியின் வேலைநேரத்தை வாரத்துக்கு 48 மணியாகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. அரசியல் சட்டத்தை எழுதியவர் என்று நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். ஆலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊத வேண்டும் என்று சண்டை போட்டவர் என்று தெரியாது. அந்த அம்பேத்கரை முன்னிறுத்தித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தலைப்பு குழந்தை உழைப்பு. குறிப்பாக, அதைப் பற்றி மாணவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்பது. இந்தப் பாடத்தை நான் பல வருடங்களாக நடத்துகிறேன். ஆரம்பத்தில் தப்பாக நடத்தினேன். அதிலிருந்தே தொடங்குவதுதான் நேர்மை.

அந்த நான்கு மாதம்

சமூகவியலில் முதுகலை முடித்திருந்த சூடு. பல்லடம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டார்கள். சார்ட் அட்டை, சட்டப் பிரிவுகள், "குழந்தைகளை வேலைக்கு அனுப்புவது குற்றம்" என்ற உறுதிமொழி எல்லாம் கொண்டுபோனேன். பிள்ளைகள் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள், கைதட்டினார்கள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்க்கா, எங்கக்கா மில்லுல இருக்குது. மூணு வருசம் முடிய இன்னும் நாலு மாசந்தான். இப்பக் கேசு குடுத்தா அந்தப் பணம் வருங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் இல்லை. "கட்டாயம் வரும், புகார் எழுதலாம்" என்றேன். நானே எழுதிக் கொடுத்தேன். அதிகாரிகள் வருவது மில்லுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்தப் பெண்ணை ஒரு வேனில் ஏற்றி, துணிப்பையோடு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். பணம்? "மூணு வருசம் முடிக்கலையே" என்றது நிர்வாகம். முப்பத்திரண்டு மாத உழைப்பு போயிற்று. அலைந்து அலைந்து கடைசியில் கைக்கு வந்தது சொற்பம்.

அந்தக் குடும்பம் என்னைத் திட்டவில்லை. அவளுடைய அம்மா, "நீங்க நல்லதுக்குத்தான் பண்ணுனீங்க கண்ணு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். சட்டத்தின் பெயரைச் சொல்வதும், சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து சொல்வதும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இந்த உரை அந்தத் தங்கைக்காரியின் கேள்விக்குக் காலம் கடந்து நான் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாலியின் பெயரில் ஒரு ஒப்பந்தம்

சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம், கேம்ப் கூலி. பெயர்கள் பல, முறை ஒன்றுதான். 1990களின் கடைசியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூல்மில்களில் இது பரவியது. பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பெண்பிள்ளைகளை ஏஜெண்டுகள் மூலம் எடுப்பார்கள். மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்ய வேண்டும். மாதாமாதம் சிறு தொகை. மூன்று வருடம் முடிந்ததும் முப்பதாயிரமோ, நாற்பதாயிரமோ, ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கையில் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்று நோட்டீஸ் அடித்து ஊர் ஊராக ஒட்டினார்கள். இடையில் நின்றால் அந்தத் தொகை பெரும்பாலும் கிடைக்காது.

இது ஏன் இங்கே முளைத்தது? கோவையில் முதல் நூற்பாலை 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. ஆலைகளோடு சங்கங்களும் வளர்ந்தன. இந்த நகரத்தில் சங்கம் சும்மா வரவில்லை. பெண் தொழிலாளிக்கு நேர்ந்த கொடுமையில் தொடங்கிய மோதலில், சின்னியம்பாளையத்துத் தோழர்கள் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலேறினார்கள். அந்தத் தலைமுறை வாங்கித் தந்ததுதான் நிரந்தர வேலை, போனஸ், பி.எஃப். பின்னாளில் நகரத்துப் பழைய மில்கள் பல மூடப்பட்டன. புது மில்கள் நகரத்தை விட்டுத் தள்ளி, வயல்காட்டு நடுவே, உயர்ந்த மதிலோடு எழும்பின. அங்கே நிரந்தரத் தொழிலாளி தேவைப்படவில்லை. சங்கம் வைக்காத, கேள்வி கேட்காத, வெளியே போகாத தொழிலாளிதான் தேவைப்பட்டார்.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது, மாணவர்கள் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டப்படி, 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி ஆக வேண்டும். மாதம் 26 நாள் என்று வைத்தால் பதினெட்டரை மாதத்தில் 480 நாள் வந்துவிடும். மில்லில் மூன்று வருடம் இருக்கும் பெண் எப்போதோ நிரந்தரம் ஆகியிருக்க வேண்டும். ஆகவிடாமல் தடுப்பது ஒரே ஒரு சொல்: "பயிற்சியாளர்". இழை ஒட்டுவதற்கும் பாபின் மாற்றுவதற்கும் மூன்று வருடப் பயிற்சி! ஆறு மாதத்தில் கைவந்துவிடும் வேலைக்கு மற்ற முப்பது மாதமும் பயிற்சி என்று பெயர் எழுதினால் அது கூலித் திருட்டு.

வறுமை மட்டுமா?

பள்ளிப் பாடங்களில் குழந்தைத் தொழிலுக்குக் காரணம் கேட்டால் பிள்ளைகள் எழுதுவது: வறுமை, கல்வியறிவின்மை, பெற்றோரின் அறியாமை. மூன்றுக்கும் மதிப்பெண் உண்டு. சாதி என்று எழுதினால் ஆசிரியர் தயங்குவார்.

வறுமை எல்லாச் சாதியிலும் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்த மில்களின் ஹாஸ்டல்களில் யார் இருந்தார்கள்? நெல்லை, தூத்துக்குடி, இராமநாதபுரம், விருதுநகர், தேனி, புதுக்கோட்டை என்று வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவர்கள் மிகுதி. 2011இல் நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனமும் அந்நாட்டின் இந்தியக் குழுவும் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பெண்களில் சரிபாதிக்கும் மேற்பட்டவர்கள் தலித்துகள் என்றது. நிலமிருக்கும் ஏழை, மழை பொய்த்தால் நிலத்தை அடகு வைப்பார். நிலமில்லாதவரிடம் அடகு வைக்க என்ன இருக்கிறது? பிள்ளையின் மூன்று வருடம் இருக்கிறது.

கொங்குப் பகுதிக்கு இது புதிதும் அல்ல. அருந்ததியர் வளவுகளில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் அப்பா ஏழு வயதில் ஆடு மேய்க்கப் பண்ணையத்தில் விடப்பட்டவர். வருடக் கூலி பேசியது தாத்தா, வாங்கியதும் தாத்தா. அப்பாவுக்குத் தனிப் போசியில் பழைய சோறு. ஆடு காணாமல் போனால் கூலியில் கழிவு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலைப் படித்தவர்களுக்கு அந்தப் பட்டி தெரியும். வருடம் முடிந்தால் கூலி, இடையில் ஓடினால் ஒன்றுமில்லை. பட்டியின் இடத்தில் மில்லை வையுங்கள். ஒப்பந்தம் ஒன்றுதான், பையனுக்குப் பதில் பெண், வருடத்துக்குப் பதில் மூன்று வருடம்.

யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைப் பிறப்பே முடிவு செய்வதுதான் சாதி என்று 1936லேயே பாபாசாகேப் விளக்கிவிட்டார். அது பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுவதில்லை. 2022இல் ஈரோடு மாவட்டத்தில், தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் கைதானார். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் விளக்குமாற்றை யாரிடம் நீட்டுகிறார்கள் என்று பார்த்தால், நாளைக்கு மில் ஏஜெண்ட் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்பதும் தெரிந்துவிடும். பள்ளியில் நடப்பதும் குழந்தை உழைப்புதான்.

இதோடு சேர்த்து 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் பார்க்க வேண்டும். பதினான்கு வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று அது சொன்னது, வரவேற்க வேண்டியது. கூடவே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடு எதிர்த்தது, 1954இல் காமராசர் கைவிட்டார். குடும்பத் தொழில் என்பது நம் ஊரில் என்ன பொருள் தரும் என்று அன்றைக்கே பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டோடு தறி ஓடும் இடங்களில் குடும்பம் எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது?

கரும்பலகையில் ஒரு கணக்கு

இப்போது நான் வகுப்புகளில் உறுதிமொழி எடுக்கச் சொல்வதில்லை. சாக்பீஸை ஒரு மாணவியிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்கிறேன். எண்கள் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வதுதான். உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

சட்டக்கூலி எட்டு மணி நேரத்துக்கு 110 ரூபாய். மில் கொடுப்பது நாளுக்கு 60 ரூபாய். மாதம் 26 நாள், மூன்று வருடம் என்றால் 936 நாள். நாளுக்கு 50 ரூபாய் குறைகிறது. 936ஐ 50ஆல் பெருக்கினால் 46,800 ரூபாய். மூன்று வருடக் கடைசியில் மில் "தரும்" தொகை 40,000. அதாவது அவளிடமிருந்து பிடித்து வைத்த அவளுடைய காசிலேயே 6,800ஐ எடுத்துக்கொண்டு, மீதியை மாலை போட்டுக் கொடுக்கிறார்கள்.

கணக்கு இன்னும் முடியவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் நான்கு மணி நேரம் மிகைவேலை. மிகைவேலைக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். 110ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு 13 ரூபாய் 75 காசு, இரட்டிப்பு 27 ரூபாய் 50 காசு, நான்கு மணிக்கு 110 ரூபாய். அப்படியென்றால் அவளுடைய உண்மையான நாள்கூலி 220. மூன்று வருடத்துக்கு 2,05,920. அவளுக்குக் கிடைத்தது மாதக் கூலியாக 56,160, கடைசியில் 40,000, ஆக மொத்தம் 96,160. மீதி 1,09,760 ரூபாய் எங்கே?

இந்த எண் பலகையில் விழும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு பள்ளியில் ஒரு பையன், "அப்ப மில்லுக்காரருதான் அந்தக்காகிட்ட கடன் வாங்கியிருக்காரு" என்றான். எம்.ஏ. வகுப்பில் எனக்கு இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித்தரவில்லை.

உடம்பு சொல்லும் பாடம்

பாதுகாப்பு என்றால் ஹெல்மெட், கையுறை என்று பாடம் முடிந்துவிடக் கூடாது. நூல்மில்லுக்குள் ஒரு பதினைந்து வயது உடம்புக்கு என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும்.

பேல் பஞ்சைப் பிரித்து உதறும் புளோ ரூம், அடுத்து கார்டிங். தூசி அதிகம் பறக்கும் இடங்கள் இவை. பருத்தித் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும். ஆரம்பத்தில் ஒரு விசித்திரமான அடையாளம் காட்டும்: வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். அடுத்த நாள் குறையும். அதனால் இதைத் திங்கட்கிழமை நோய் என்பார்கள். சோம்பேறித்தனம், லீவு முடிந்து வந்த சுணக்கம் என்று சூப்பர்வைசர் திட்டுவதும் இதைத்தான். நாள்பட்டால் எல்லா நாளும் இறுகும், பிறகு சரியாகாது. சட்டம் இதைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. முகத்தில் கட்டும் துணி, கண்ணுக்குத் தெரியும் பஞ்சைத் தடுக்கும். நுரையீரலுக்குள் போகும் நுண்தூசியைத் தடுக்காது.

அடுத்து ஸ்பின்னிங். நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரத்தைக் கூட்டி வைப்பார்கள், புழுக்கம் தாங்காது. அறுந்த இழையை ஒட்டியபடி ஷிப்ட் முழுக்க நடை. இரைச்சலுக்கு ஒரு எளிய சோதனை சொல்லித்தருவேன்: கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இரைச்சல் காதைக் கெடுக்கும். ஊருக்கு வந்த பெண் டிவியைச் சத்தமாக வைக்கிறாள் என்றால் சண்டை போடாதீர்கள், காதைப் பரிசோதியுங்கள்.

சிறியவர்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து? எந்திரம் பெரியவரின் உயரத்துக்கும் கைநீளத்துக்கும் செய்யப்பட்டது. வளரும் உடம்பு தூக்கம் கேட்கும், இரவு ஷிப்ட் அதைப் பறிக்கும். விடியற்காலை கண் சொருகும் நேரத்தில் துப்பட்டாவும் தலைமுடியும் விரலும் உருளைக்குள் போகும். எல்லாவற்றுக்கும் மேல், புதிதாக வந்த பிள்ளைக்கு "இது எனக்குத் தெரியாது", "எந்திரத்தை நிறுத்துங்கள்" என்று சொல்லப் பயம். விபத்தைத் தடுக்க முதலில் வேண்டியது அந்தப் பயம் இல்லாமலிருப்பது. தலித் பிள்ளைக்கு அந்தப் பயம் ஊரிலேயே கற்றுக்கொடுக்கப்பட்டுவிடுகிறது.

மாதவிலக்கைப் பற்றியும் கூச்சமில்லாமல் பேச வேண்டும். தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில், வயிற்றுவலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகளைக் கொடுத்து வேலை வாங்கியது 2019இல் செய்தியாக வெளிவந்தது. பெயர் தெரியாத மாத்திரையை விழுங்காதே, கழிப்பறைக்குப் போக அனுமதி மறுப்பது குற்றம். இவ்வளவையும் எட்டாம் வகுப்பிலேயே சொல்லலாம்.

எந்த வயதில் என்ன

பதினான்குக்குக் கீழே எந்த ஆலையிலும் வேலை கூடாது. இது அரசியல் சட்டத்தின் 24ஆம் உறுப்பு. 23ஆம் உறுப்பு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. சட்டக்கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் ஏசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2016 திருத்தப்படி, பதினான்கு முதல் பதினெட்டு வரை வளரிளம் பருவத்தினர், அபாயகரமான தொழில்களில் இவர்களைச் சேர்க்கக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் இளம் தொழிலாளருக்கென்று ஒரு வேலியே கட்டியது. மருத்துவர் தந்த தகுதிச் சான்று வேண்டும். பதினெட்டு நிரம்பாத பெண்ணைக் காலை ஆறு மணிக்கு முன்போ இரவு ஏழு மணிக்குப் பின்போ வேலை வாங்கக் கூடாது. ஓடும் எந்திரத்தைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ விடக் கூடாது. பஞ்சு பிரிக்கும் எந்திரத்தின் பக்கம் பெண்களையும் குழந்தைகளையும் நிறுத்தக் கூடாது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்தவை. பிரிவு எண்கள் மாறலாம். பதினாறு வயதுப் பிள்ளையை நடுராத்திரியில் எந்திரத்தின் முன் நிறுத்தக் கூடாது என்ற நியாயத்தை மாறவிடக் கூடாது. அதைக் காப்பது நம் வேலை.

மாணவர்களுக்கு நான் விரும்பிச் சொல்லித்தரும் பழைய சட்டம் ஒன்று உண்டு: 1933ஆம் ஆண்டு, பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடை செய்த சட்டம். விட்லி ஆணையத்தின் 1931 அறிக்கைக்குப் பிறகு வந்தது. எது அடகு, எது வேலை ஒப்பந்தம் என்று பிரிக்க அது வைத்த அளவுகோல் அழகானது. பிள்ளைக்குக் கேடு இல்லாமல், நியாயமான கூலி தவிர வேறு பலன் எதையும் பெற்றோர் வாங்காமல், ஒரு வார அறிவிப்பில் விலகிக்கொள்ள முடிந்தால் அது அடகு அல்ல. எந்த ஆள்சேர்ப்பு நோட்டீஸைப் பார்த்தாலும் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள். ஒரு வாரத்தில் விலக முடியாத வேலை, அடகு.

மீட்டால் போதுமா

1990களின் தொடக்கத்தில், குழந்தைகள் தைத்த துணிக்கு அமெரிக்காவில் தடை வரும் என்ற பேச்சு கிளம்பியதுமே வங்கதேச ஆடை ஆலைகள் ஏறக்குறைய 50,000 குழந்தைகளை வெளியே தள்ளின. பள்ளிக்கூடம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. பலர் கல்லுடைக்கவும் தெருவில் விற்கவும், அதைவிட மோசமான வேலைகளுக்கும் போனார்கள். நம் திருப்பூரிலும் அப்படித்தான். ஒரு காலத்தில் டெய்லர் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் பிள்ளைகள்தான். வெளிநாட்டுக் கம்பெனிகளின் தணிக்கை வந்ததும் தையல் கூடம் சுத்தமானது. தணிக்கைக்காரர் எட்டிப் பார்க்காத நூல்மில்லுக்குள் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். ஹாஸ்டல் அதேதான், மொழிதான் வேறு. நம் பிள்ளைகள் தப்பித்தார்கள் என்று நாம் நிம்மதிப்பட்டால், நம்மை ஒதுக்கியவர்களின் நியாயத்தையே நாமும் பேசுகிறோம் என்று அர்த்தம்.

சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும், குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. தொகை சிறியது. ஆனால் பிள்ளையின் கூலி நின்றால் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வியை நீதிமன்றம் காதில் வாங்கியது.

கல்யாணப் பணத்துக்காகப் பெண் மில்லுக்குப் போனாள். 1989 முதல் தமிழ்நாடு அரசே திருமண உதவித் திட்டம் நடத்தியது. 2022இல் அந்தத் திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். தாலிக்குக் கொடுத்த பணம் படிப்புக்கு மாறியது சின்ன விஷயம் அல்ல. நான் பார்த்த வீடுகளில், அந்த ஆயிரம் ரூபாய் ஏஜெண்டின் பேச்சுக்கு ஒரு பதிலாக இருந்திருக்கிறது.

இன்னொரு பதில் சங்கம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் வட்டாரத்தில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையேற்று நடத்தும், தலித் பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தச் சாவை விட்டுவிடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற பெயரில், ஆலை நிர்வாகத்தையும் பன்னாட்டு ஆடை நிறுவனங்களையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாட்டை வாங்கியது. சூப்பர்வைசரின் கை நீளும்போதே தடுப்பதற்கு, தொழிலாளர்களிலேயே பயிற்சி பெற்றவர்கள் தரையில் நின்றார்கள். நம் பெண்கள் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும்தான் என்று பாடம் நடத்துகிறவர்கள் இதையும் சேர்த்து நடத்த வேண்டும்.

வகுப்பில் எப்படிப் பேசுவது

ஆசிரியர் ஆகப்போகிற, ஊர்களில் மாலைநேர வகுப்பு நடத்துகிற தோழர்களுக்குச் சில சொற்கள்.

"இங்கே யாரெல்லாம் வேலைக்குப் போறீங்க, கை தூக்குங்க" என்று கேட்காதீர்கள். கை தூக்கும் பிள்ளை அன்றைக்கே வகுப்பில் தனியாகிவிடும். நேற்று காலை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை செய்ததை எல்லாரும் எழுதட்டும், பெயர் இல்லாமல். தண்ணீர் சுமந்தது, தம்பியைப் பார்த்தது, பாவு ஓட்டியது, பனியன் பிசிறு வெட்டியது எல்லாம் வரும். உழைப்பு கேவலம் என்று ஒரு சொல்கூட உங்கள் வாயில் வரக் கூடாது. பிள்ளையின் படிப்பையும் உடம்பையும் தின்னும் உழைப்பு எது என்று அவர்களே வட்டம் போடட்டும்.

அப்பா அம்மாவைக் குற்றவாளி ஆக்காதீர்கள். ஏஜெண்டின் நோட்டீஸைக் கையில் கொடுங்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள், அந்த மூன்று கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மில்லில் அக்காவோ அண்ணனோ இருக்கும் பிள்ளைக்கு உடனே உதவும் விஷயங்கள் உண்டு. சேர்ந்த தேதி, ஷிப்ட் நேரம், பிடித்தம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வைப்பது. சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. அட்டை மூன்றையும் கேட்டு வாங்குவது. அடிபட்டால் அன்றைக்கே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பதிவு செய்வது. 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்வது. அழைப்பதற்கு முன் ஒரு சங்கத்தோடு பேசுவது. இந்தக் கடைசி வரியைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும்.

அந்தத் தங்கைக்காரி இன்றைக்கு வந்து கேட்டால் என்ன சொல்வேன்?

தாயி, உங்க அக்கா வேலை செஞ்ச முப்பத்திரண்டு மாதக் கூலி அவளுடையது. மூன்று வருடம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவளுடையது. கூலியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 1936லேயே சட்டம் வந்துவிட்டது. பதினெட்டு நிரம்பாத பிள்ளையைக் கட்டி வைத்து வேலை வாங்கி, கூலியைப் பிடித்து வைத்தால் ஐந்து வருடம் வரை சிறை என்கிறது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுதலைச் சான்றிதழ் கேட்கலாம். தலித்துகளைக் கொத்தடிமையாக வேலை வாங்குவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். முதலில் அக்காவின் நோட்டையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துவோம். சங்கத்துத் தோழர்களைக் கூட்டிக்கொண்டு போவோம். மனுவில் முதல் வரியாகக் கூலியை எழுதுவோம், மீட்பை அடுத்து எழுதுவோம். அக்கா வெளியே வரும் நாளில் அவளுக்குப் பள்ளியில் இடம் இருக்கிறதா என்று நான் முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். இனி சொல்லப் போகிறவர்கள் நீங்கள். அடுத்த வாரம் உங்களில் யாராவது ஒரு பள்ளிக்குப் போவதாக இருந்தால் சார்ட் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு சாக்பீஸ் மட்டும் கொண்டுபோங்கள்.